நியூ டவுன் வீட்டின் குளியலறைக் கதவு

வங்காளத் தலைநகரில், பாலிகஞ்ச் பகுதியில் ஒரு பயிற்சி மையத்தில் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கட்டப்போகும் கட்டடத்தைச் சுவர், தூண், குழாய் உட்பட முழுதாகக் கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டும் வேலைதான் பாடம். கட்டுமான நிறுவனங்கள் அதற்கு ஆள் தேடத் தொடங்கியிருந்த நேரம். படிப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு கட்டடம் செய்து காட்ட வேண்டும். மால், ஆஸ்பத்திரி என்று எல்லோரும் பிரம்மாண்டமாகப் போனார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி மட்டும், நியூ டவுனில் அவள் குடும்பம் வாங்கியிருந்த சின்ன ஃப்ளாட்டைச் செய்தாள். அங்கே தூணும் தளமும்தான் எழும்பியிருந்தன. உள்சுவர்கள் வரவில்லை.

"ஏன் இத்தனை சின்னதா எடுத்துண்டே?"

"அம்மாவால சைட்டுக்கு வர முடியாது தீதி. இங்க கூட்டிண்டு வந்து காட்டட்டுமா?" என்றாள். வங்காளிப் பிள்ளைகளைப் போல அவளும் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவாள்.

அவள் அம்மா வங்கியில் அதிகாரியாக இருந்தவர். ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். ஒரு சனிக்கிழமை டாக்ஸியில் வந்தார். வகுப்புப் பையன்கள் "மாஷிமா, மாஷிமா" என்று சித்தி முறை சொல்லி நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்ற, அவர்களை வங்காள மொழியில் கேலி செய்தபடியே வந்து சேர்ந்தார்.

மகள் திரையில் வீட்டைத் திறந்தாள். அம்மாவின் நாற்காலியையும் அளவெடுத்து அதற்குள் வைத்திருந்தாள். அது கூடத்தைத் தாண்டி பால்கனிக்குப் போனது.

"இங்க உக்காந்துதான் இனிமே பேப்பர் படிப்பேன்," என்றார் அம்மா.

அடுத்து குளியலறை. நாற்காலி கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுழையவில்லை.

"போறது விடுடி. இப்ப மாதிரியே நீ தூக்கிண்டு போ."

"நான் வேலைக்குப் போயிட்டா?"

அம்மா திரையையே பார்த்தார். "கதவைச் சாத்திண்டு தனியா குளிச்சு எத்தனை நாளாச்சு," என்று மெதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை மையத்தின் லேப்டாப்போடு நானும் அவளும் சைட்டுக்குப் போனோம். அங்கிருந்த வங்காளி எஞ்சினியர், இனி எதையும் மாற்ற முடியாது என்றார். அவள் வாதாடவில்லை. திரையில் நாற்காலியைக் குளியலறைப் பக்கம் நகர்த்திக் காட்டினாள். அவரே மவுஸை வாங்கி ஒருமுறை முயன்றார். இடித்தது.

"இந்தச் சுவரைப் படுக்கையறைப் பக்கம் தள்ளினால்?" என்று கேட்டார்.

அங்கேயே தள்ளிக் காட்டினாள். அலமாரிக்கான இடம் குறைந்தது. கதவு அகலமானது, நாற்காலி உள்ளே போய்த் திரும்பவும் செய்தது.

"வெறும் செங்கல் சுவர்தானே, செய்துவிடலாம்," என்றார். கிளம்பும்போது அவளிடம், "படிப்பு முடிந்ததும் எங்கள் ஆபீசுக்கு வா," என்றார். அங்கேதான் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது.

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அம்மா தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு குளிக்கப் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. மகள் பழக்கத்தில் துண்டோடு வெளியே நின்றாள்.

"அம்மா, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். தீதிக்குக் காபி குடு, போ."

அவள் நகரவில்லை. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கும் காபி கலந்தேன்.