பாதி மூடியிருந்த வால்வு

பெயூஷ் ஊரில் எங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு காலையில் எல்லாரும் ஜெபிக்க எழுந்திருக்கும் முன்பு, சகோதரர்களில் ஒருவர் முன்னால் வந்து ஐந்து நிமிடம் ஊக்க வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் என்பது பேருக்குத்தான். படித்த சகோதரர்கள் எழுந்தால் கால் மணி நேரம் போய்விடும். கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேர் என்று இழுத்துக்கொண்டே போவார்கள். கடைசி வரிசையில் கொட்டாவி கிளம்பிவிடும். ஒனிசிம் பிர்தியாவுடைய முறை வந்தால் மட்டும் யாரும் கொட்டாவி விட்டதில்லை.

ஒனிசிம் எங்கள் ஊர்க் குடிநீர் இலாகாவில் பிளம்பர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். கிரேக்கம் தெரியாது, ஆனால் பைப்பு பேசுவது அவருக்குக் கேட்கும். பைப்பு கசியாமலிருக்க மரையில் சுற்றும் சணலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால், முறுக்க முறுக்க அது வெளியேதான் வரும். நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு தப்பான பக்கம் சுற்றுகிறவர்களும் அப்படித்தான் என்பார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காற்று அடைத்திருந்தால் பாதிதான் சுடும். காற்றைத் திறந்து விட்டால்தான் மீதியும் சுடும். நம்மில் சிலருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறதென்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள் என்பார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழும். பெண்கள் பக்கம் அதைவிடப் பெரிதாக எழும். திங்கட்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் சபைக்கு வராதவர்கள்கூட, "இந்த வாரம் பைப்பு என்ன பிரசங்கம் பண்ணுச்சு?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அதில் கொள்ளைப் பெருமை. பக்கத்து ஊர்ச் சபைகளில் பெரிய பெரிய போதகர்கள் இருந்தார்கள். ஒனிசிம் எங்களிடம் மட்டும்தான் இருந்தார்.

அவருடைய முதல் ஊக்க வார்த்தை எங்கள் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். எண்பத்தாறாம் வருடக் குளிர்காலம். ஊரில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். திராட்சைத் தோட்டத் தெரு மேட்டில் ஏறுகிற தெரு. அதன் உச்சியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒனிசிமும் அவர் மனைவி ரஹேலாவும் குடியிருந்தார்கள். அப்போது அவர் மர நாற்காலி செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். கைக்குழந்தை தபித்தாவுக்கு ஆறு வாரம். கீழ் வீடுகள் பிடித்தது போக மேலே ஒரு சொட்டும் ஏறாது. துணி துவைக்க வழியில்லாமல் ரஹேலா அழுதாள். இருவரும் காய்ந்த குழாயின் அடியில் மூன்று நாள் முழங்காலில் நின்றார்கள். நான்காம் நாள் காலையில் விரல் பருமனில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையும் தவறவில்லை. அந்தத் தண்ணீர்தான் அவரை ஆலையிலிருந்து குடிநீர் இலாகாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சாட்சியைச் சொல்லாமல் அவர் விடமாட்டார். முப்பது வருடமாக நாங்களும் ஒவ்வொரு முறையும் ஆமென் சொன்னோம்.

இப்படிப்பட்ட மனுஷர் சறுக்கியது ஓர் அக்டோபர் மாதம், ஒரு நிலவறையில்.

அதே திராட்சைத் தோட்டத் தெருவில், மேட்டுக்குப் பாதி வழியில், வெதூரியா பாந்தியாவின் வீடு. எழுபத்து நாலு வயது. எங்கள் சபையில் மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம் அவருடைய இடம். புதிதாக வாங்கிய கேஸ் கீசர் பற்றவில்லை என்று ஒனிசிமைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் போய்ப் பார்த்தார். கீசரில் கோளாறு ஒன்றுமில்லை, தண்ணீர் வரத்துதான் போதவில்லை. நிலவறையில் இறங்கி, முட்டைகோஸ் ஊறப்போட்ட பீப்பாயை நகர்த்தினால், பின்னால் பழைய இரும்பு வால்வு. பாதி மூடியிருந்தது. துரு பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அதை யாரும் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். வெதூரியா படியில் நின்று, "தம்பி, அதைத் தொடாதே" என்றார். அதற்குள் ஒனிசிம் ரெஞ்சைப் போட்டு ஒரே முறுக்கு முறுக்கிவிட்டார். பைப்பு முழுக்க உறுமியது, மேலே கீசர் குப்பென்று பற்றியது. வெதூரியா மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். ஒனிசிம் காதில் விழவில்லை. அவருக்குள் ஞாயிற்றுக்கிழமை ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்த ஞாயிறு அவர் பேசியதுபோல அதற்கு முன்பு பேசியதில்லை. ஒரு வீடு, கர்த்தர் அனுப்பும் தண்ணீர் வாசல் வரை நிறைய வருகிறது, ஆனால் உள்ளே வால்வு பாதி மூடியிருக்கிறது, மூடியது வீட்டுக்காரரே, சாகும் நாள்வரை அவர் அதைத் திறக்கவில்லை. வாசலில் வந்து நின்ற நதியை உள்ளே விடாமல் ஒருவர் உலகத்தை விட்டே போகலாம் என்று முடித்தார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வெதூரியாவின் கணவர் காவ்ரிலை எங்களுக்குத் தெரியாதா? லாரி டிரைவர். முப்பத்தைந்து வருடம் மனைவியைச் சபை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வண்டியிலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மனுஷர். ஒரு நாளும் உள்ளே காலடி வைத்ததில்லை. மனந்திரும்ப வேண்டும் என்று சபையில் கேட்கும் ஜெபக் குறிப்புகளில் அவர் பேர் வராத மாதமில்லை. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. கூட்டம் முழுவதும் ஆமென் என்றது. நிறையப் பேர் ஜன்னல் ஓரம் திரும்பிப் பார்த்தோம். அதற்காக இன்றைக்கும் எங்களுக்கு வெட்கம்தான்.

ஆராதனை முடிந்ததும் ஒனிசிம் வாசலில் நின்று கை நீட்டி வழக்கம்போல "சமாதானம்" என்றார். வெதூரியா தன் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எங்களிடையே ஒருவர் கொடுத்த சமாதானத்தை மற்றவர் திருப்பிச் சொல்லாமல் போவது சாதாரண விஷயமில்லை. அதிலும் அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பத் தட்டை வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டு போகிற உதவிக்காரர்களில் ஒனிசிமும் ஒருவர். தன்மேல் ஒருவருக்குக் குறை இருக்கும்போது, அவரிடம் போய் ஒப்புரவாகாமல் அப்பத்தைத் தொடக் கூடாது. இதை ஊக்க வார்த்தையில் மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவர் அவர்தான்.

வீட்டில் ரஹேலா சூப்பை மேசையில் வைத்தவள், கரண்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பேர் சொல்லலையே ரஹேலா."

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொன்னீங்க. அதுக்குப் பேரையே சொல்லியிருக்கலாம். செத்துப்போன மனுஷனைக் கொண்டாந்து நடுவுல நிறுத்தி, எல்லாரையும் பாக்க வெச்சிட்டீங்க."

"உண்மையைத்தானே சொன்னேன்? வால்வு மூடித்தானே இருந்துச்சு?"

"எனக்கு வால்வு தெரியாது. அந்தம்மா மூஞ்சி தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியைக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை போய்க் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. வியாழக்கிழமை ஜன்னல் வழியாக, தனக்கு வேலை இருக்கிறதென்று வெதூரியா பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒனிசிம் போதகரிடம் போய், இந்த ஞாயிறு தட்டு எடுக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடப் பேச்சையும் இனி விட்டுவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். வேலைக்குப் போன இடத்தில் பைப்பு எதுவும் அவரிடம் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அதுவும் ரஹேலாவுக்கு. "உன் புருஷன் தொறந்துட்டுப் போன வால்வு ஒழுகுது. உருளைக்கிழங்கு எல்லாம் நனையுது. அவரை வரச் சொல்லு. வேலையை மட்டும் பாத்துட்டுப் போகச் சொல்லு."

அது எந்த பிளம்பருக்கும் தெரிந்த சங்கதி. பல வருடம் அசையாமல் கிடந்த பழைய வால்வைச் சடாரென்று திருப்பினால் தண்டுப் பக்கம் கசியும். அவசரப்பட்டுத் திருப்பியிருக்கக் கூடாது. ஒனிசிம் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது.

நிலவறையில் வெதூரியா டார்ச் பிடித்தார். ஒனிசிம் நட்டைக் கழற்றி, புதுச் சணலைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டார். காவ்ரில் அண்ணனைச் சபை நடுவில் இழுத்திருக்கக் கூடாது என்றார். இது துருப்பிடித்த சனியன், புதிதாக ஒன்று தன் செலவிலேயே மாட்டிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார்.

"மாத்தக் கூடாது" என்றார் வெதூரியா. "அது அவர் கை வெச்சது."

ஒனிசிம் சணலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பைப்பு பேசுறது உனக்குக் கேக்கும்னு ஊரே சொல்லுது. மூடிக் கெடக்குன்னு கண்டுபிடிச்சே. யாரு மூடினாங்கன்னும் கண்டுபிடிச்சே. எதுக்கு மூடினார்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்லக்கா."

"மேல தண்ணி ஏறலைன்னு மூடினார். மத்த வீட்டுக்காரங்க எல்லாம் தொட்டியை ரொப்பிக்கிட்டு இருந்தாங்க. இவர் ஒரு நாள் மேட்டு வழியா வந்தப்போ உச்சி வீட்டுல புள்ளத் துணிய பனியில போட்டுத் தேச்சுக்கிட்டிருந்தா ஒருத்தி. வந்தார், நேரா கீழ எறங்கினார், பாதிக்குத் திருப்பினார். நமக்கு இம்புட்டுப் போதும்டீன்னார். அதுக்கப்புறம் லாரி டெப்போவுலயே குளிச்சிட்டு வருவார்."

ஒனிசிமின் கையில் சணல் அப்படியே நின்றது. "எந்த வருஷம்க்கா?"

"உன் பொண்ணு பொறந்த வருஷம்."

ஒனிசிம் உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நனைந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அவர் அந்தச் சாட்சியைச் சொன்னார். முப்பது வருடம் இந்தம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் வெதூரியாவே சொன்னார்.

"நான் சொல்லட்டுமான்னு அவர்கிட்ட கேட்டேன். நீ முதல் தடவை பேசின அன்னிக்கே கேட்டேன். 'அவன் கேட்டான், வந்துச்சு. நடுவுல நான் எதுக்கு'ன்னார். மேல புது லைன் போட்டப்போ, இனித் தொறக்கலாமேன்னேன். பழகிப்போச்சு விடுன்னார். அப்புறம் போயே போயிட்டார். நான் எப்படித் தொறப்பேன்?" டார்ச்சை வால்வுப் பக்கம் திருப்பினார். "நீ வந்து தொறந்தே. அதுகூடப் போகட்டும். அவர் தண்ணியைக் குடிச்ச வாயால அப்படிச் சொல்லிட்டியே தம்பி."

ஒனிசிம் அழுதார். ஆறடி உயர மனுஷர், முட்டைகோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் சணலோடு அழுதார். பிறகு எழுந்து வேலையை முடித்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் முடித்தார். வால்வை மாற்றவில்லை. படியேறும்போது, நாளைக்கு இதைச் சபையில் சொல்லட்டுமா என்று அனுமதி கேட்டார். அவர் அப்படி யாரிடமும் கேட்டது அதுதான் முதல் முறை.

வெதூரியா, "சொல்லு. இந்தத் தடவை பேரைச் சொல்லு" என்றார். சமாதானம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒனிசிம் முன்னால் வந்து நின்றார். பைப்பு இந்த வாரம் என்ன சொல்லப்போகிறதோ என்று எங்கள் முகத்தில் பாதிச் சிரிப்பு தயாராக இருந்தது. போன வாரம் தான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தார். எங்களுக்கு மனப்பாடமான அந்தக் குளிர்காலத்தை மறுபடியும் சொன்னார். குழாயடியில் முழங்காலில் நின்றதுவரை அதே கதைதான். அதற்குப் பிறகு நிலவறையைச் சொன்னார்.

"நாங்க ஜெபம் பண்ணினது நிஜம். கர்த்தர் தண்ணி குடுத்ததும் நிஜம். அவர் அதைக் காவ்ரில் பாந்தியா கையால குடுத்தார். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மனந்திரும்பணும்னு நாம முப்பத்தஞ்சு வருஷம் உள்ள உக்காந்து ஜெபம் பண்ணினோம். அவர் வெளிய வண்டியில உக்காந்திருந்தார்" என்றார். ஏதோ இன்னும் சொல்ல வந்தவர் விட்டுவிட்டு, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

ஆண்கள் பக்கம் தலைகள் குனிந்தன. ஊர் மெச்ச வாழ்ந்த ஒருவர், தன் வாழ்நாள் சாட்சியையே எல்லார் முன்பும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கோத்தார். அவரைப் பற்றிய எங்கள் பெருமை அன்று குறையவில்லை. கிரேக்கம் படித்தவர்கள் பத்துப் பேரை நிறுத்தினாலும் அன்று அவருக்கு ஈடில்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போதகர் ஜெபக் குறிப்புகள் உண்டா என்று கேட்டார். இதுவும் எங்கள் வழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். வெதூரியா ஜன்னல் ஓரத்தில் எழுந்து நின்றார். கணவர் இருந்தவரை மாதாமாதம் "என் வீட்டுக்காரர் காவ்ரிலுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று எந்தக் குரலில் சொல்வாரோ, அதே குரலில் ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரர் காவ்ரிலுக்காக, ஸ்தோத்திரம்" என்று நன்றி சொல்லி முடித்தார்.

உட்காரவில்லை. வரிசையைவிட்டு வெளியே வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நடுவழியாகக் கடைசி வரிசைவரை நடந்தார். அங்கே நின்று, கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து நீட்டினார்.

"சமாதானம், தம்பி. எழுந்திரு. மூணாம் வரிசைக்கு அப்பத் தட்டை நீதான் கொண்டுவரணும்."

ஒனிசிம் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.