தன் போனுக்கே அனுப்பிப் பார்ப்பவர்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் தனசேகர் தனக்குத்தானே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வார். 'டெஸ்ட்' என்ற ஒரு சொல்தான் அதில் இருக்கும். சட்டைப் பையில் கைப்பேசி மணியடித்ததும் அதை எடுத்து, அறையிலிருக்கும் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டுவார். "வந்துச்சா? நம்ம சர்வர் சூப்பரா ஓடுது மேடம். அவங்க சைடுதான் ப்ராப்ளம்." அத்தோடு வைத்தியம் முடிந்தது. யாருக்குக் கடிதம் போய்ச் சேரவில்லையோ அவருக்கு ஒன்று அனுப்பிப் பார்க்கலாமே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை உள்ள சிறு கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். விசிட்டிங் கார்டில் 'மெயில் டாக்டர்' என்று போட்டிருப்பார். பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய கம்ப்யூட்டர் படம். மாடம்பாக்கத்தில் தாத்தா நெல் விளைத்த நிலம் இப்போது வரிசையாகக் கடைகள். வாடகை வந்துகொண்டிருக்கிறது. அதனால் யார் கடிதம் எந்தக் குழியில் விழுந்தாலும் தனசேகர் வயிறு காய்வதில்லை. காதில் எந்நேரமும் புளூடூத் செருகியிருப்பார். கேள்வி பிடிக்கவில்லையென்றால் அதைத் தொட்டு, "ஹலோ, சொல்லுங்க சார்" என்றபடி வாசலுக்கு நழுவிவிடுவார். மறுமுனையில் ஆள் இருப்பது நிச்சயமில்லை.

குரோம்பேட்டையில் கோகிலவாணி நடத்தும் தையல்கூடத்துக்கும் இவர்தான் டாக்டர். மருத்துவமனைச் சீருடைகள் தைக்கும் இடம் அது. ஆங்கிலக் கடிதங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. நாவலூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு மருத்துவமனை நர்சுகளுக்கு உடை தைக்க ஆள் தேடியது. நாங்கள் தைத்துக் காட்டிய மாதிரி உடை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பதிவு செய்த கம்பெனி மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டுமே, குறித்த கெடுவுக்குள், விலை விவரத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். பதிலே இல்லை. மறுபடி அனுப்பினோம்.

"எதுவுமே வரலையே மேடம்" என்றார் போனில், மருத்துவமனையின் கொள்முதல் பிரிவிலிருந்த அபிகாயில். மற்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் எங்கள் கடிதங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

தனசேகர் வந்தார். உட்கார்ந்தார். தன் போனுக்கு அனுப்பினார். நீட்டினார்.

கானத்தூர்க் கடலோரத்திலிருந்து தினமும் பஸ் மாறி வந்து தைக்கும் கிளியம்மாள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், உன் போனுக்கு மட்டும் கரீட்டா வந்துகினு கீது? நர்சுங்க டிரெஸ்ஸ நீயா போட்டுக்கப் போறே?"

கூடமே சிரித்தது. தனசேகர் காதைத் தொட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கெடு முடிந்தது. ஆர்டர் வேறு யாருக்கோ போயிற்று. அதை நம்பிச் சேர்த்துக்கொண்டவர்களை நிறுத்திவைப்பதைத் தவிர கோகிலவாணிக்கு வேறு வழியில்லை. கிளியம்மாளும் அவர்களில் ஒருவர். யாரையும் திட்டாமல் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "வேற வேலை வந்தா ஒரு போன் அடி அக்கா. வூட்ல சும்மா குந்திகினு இருந்தா பேஜாரா பூடும்." அவர் படியிறங்கும் வரை கோகிலவாணி நிமிரவே இல்லை.

சில நாள் கழித்து அபிகாயிலே கூப்பிட்டார். மனசு கேட்காமல் தங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் விசாரித்திருக்கிறார். "மேடம், உங்க மெயில எங்க சர்வர் உள்ளயே விடல. ஏன் விடலன்னு ஒவ்வொரு தடவையும் உங்களுக்கே ரிப்ளை போயிருக்காமே, பாக்கலையா?"

நாங்கள் பார்க்கவில்லை. தேடினோம். எல்லாம் மின்னஞ்சலின் குப்பைத் தொட்டியில், பிரிக்கப்படாமல் கிடந்தன.

தனசேகர் வரவழைக்கப்பட்டார். "அதுவா? நான்தான் செட்டிங் போட்டு வெச்சேன். எரர் மெயில்லாம் நேரா ட்ராஷுக்குப் போயிடும். பாத்தீங்கன்னா நீங்க டென்ஷன் ஆயிடுவீங்கல்ல மேடம்?" குரலில் உபகாரம் செய்தவரின் பெருமை வழிந்தது.

கோகிலவாணி அந்தப் பதில்களில் ஒன்றைத் திறந்தார். நான் தமிழில் சொன்னேன்: உங்கள் சர்வரிலிருந்து, கேட்காதவர்களுக்கெல்லாம் கும்பல் கும்பலாக மின்னஞ்சல்கள் போகின்றன; அதனால் அங்கிருந்து வரும் எதையும் ஏற்பதில்லை. கீழே ஓர் இணைப்பு இருந்தது. தட்டினால், அந்தக் கும்பலிலிருந்து சான்றுக்கு ஒரு மின்னஞ்சலின் தலைப்பைக் காட்டியது. 'உலகத் தண்ணீர் தின நல்வாழ்த்துகள், அன்புடன் மெயில் டாக்டர் தனசேகர்.'

அப்புறம்தான் கதை முழுக்க வெளிவந்தது. பொங்கலிலிருந்து பல் பாதுகாப்பு வாரம் வரை ஒன்று விடாமல், கூலிங் கிளாஸ் போட்ட தன் படத்தோடு, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாழ்த்து அனுப்புவது அவர் வழக்கம். முகவரிகள் எங்கோ மொத்தமாக வாங்கியவை. அனுப்புவது வாடிக்கையாளர்களின் கடிதங்கள் போகும் அதே சர்வரிலிருந்து. மருத்துவமனையைப் போலக் கண்டிப்பான வாசல் வைத்திருப்பவர்கள் அந்தச் சர்வரையே ஒதுக்கிவிட்டார்கள். மற்றவர்கள் சகித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு விஷ் பண்றது தப்பா மேடம்?" என்றார். முகத்தில் நிஜமாகவே வருத்தம். தண்ணீர் தினத்துக்கு நேர்ந்த அவமதிப்பைத் தாங்க முடியாதவர் போலிருந்தார்.

கோகிலவாணி சத்தம் போடவில்லை. திரையில் தனசேகர் பெயர் இருந்த இடத்தில் விரலை அழுத்தி வைத்தார். "இந்தப் பேராலதான் கிளியம்மாள் வூட்ல உக்காந்திருக்காங்க, தனசேகர். நல்லாப் பாத்துக்குங்க."

விரலை எடுத்ததும் கண்ணாடியில் ரேகை படிந்திருந்தது. தனசேகர் குனிந்து பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, திரையில் ஒருமுறை வாயால் ஊதி, தன் பெயரின் மேலிருந்த அந்தக் கறையை மட்டும் பளபளவென்று துடைத்தார்.