கடற்கரையில் நான் காட்டிய இடம்

சுனாமிக்கு முந்தைய வருஷம், எங்கள் பிரதேச சபையில் கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் மேசையில் நான் இருந்தேன். பிரதான வீதியில், இரும்புச் சாமான் கடைக்கு முன்னால் தேத்தண்ணிப் பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றி முறைப்பாடு வந்தது. லொறி நிறுத்த இடமில்லை என்று இரும்புக்கடை முதலாளி எழுதியிருந்தார். பொய்யும் இல்லை. செயலாளர் கடிதத்தை என் மேசையில் வைத்து, "வேற இடம் ஒண்டு பார்த்துக் குடுங்க. இல்லாட்டி இவர்ர லைசனப் புதுப்பிக்க ஏலாது" என்றார்.

தேத்தண்ணிக்காரர் மெலிந்த மனிதர், என்னைவிட மூத்தவர். வயல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் ஊரில் கல்யாணம் முடித்து வந்தவர். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு இருவரும் சைக்கிளில் கடற்கரைக்குப் போனோம். தோணிகளை இழுத்து வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சபைக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஒரு பூவரச மரமும் நின்றது. நான் விரலை நீட்டிக் காட்டினேன்.

"இதுல போடுங்க காக்கா. கரைவலைக்காரங்க வெள்ளனயே வருவாங்க. பின்னேரத்துல சனம் காத்து வாங்க வரும். வீதியவிட இஞ்ச யாவாரம் நல்லா நடக்கும்."

அவர் கடலைப் பார்க்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கடலெண்டா பயம் சேர். நான் வயலுக்குள்ள வளந்தவன். இந்தச் சத்தத்துக்குள்ள நிண்டு பழக்கமில்ல."

நான் சிரித்தேன். "ரெண்டு கிழம நிண்டாப் பழகிரும்."

"ஓம் சேர், நீங்க சொன்னாச் சரிதான்" என்றார்.

அடுத்த நாள் காலை, மேற்படி இடம் பொருத்தமானது எனச் சிபாரிசு செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது அவருடைய கோப்பில் சேர்ந்தது. புதிய இடத்தைப் பற்றி அதில் இருந்த ஒரே தாள் அதுதான்.

நான் சொன்னபடியே வியாபாரம் நடந்தது. நோன்புப் பெருநாளைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வட்டிலப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை. லீவு நாட்களில் கடையில் கிளாஸ் கழுவிக் கொடுப்பாள் என்று பெருமையாகச் சொன்னார்.

கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவருடைய மனைவி வீட்டில் கடைக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். தகப்பனும் மகளும் கடையில் நின்றார்கள். பிள்ளையின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. அவர் கிடைக்கவேயில்லை. பிறகு நான் போய்ப் பார்த்தபோது பூவரசின் வேர் மட்டும் மண்ணில் நீட்டிக்கொண்டிருந்தது.

என் வீடு வீதிக்கு மேற்கே. தண்ணீர் கேற்றடிக்கு வந்து திரும்பிப் போனது. எல்லாரும் அல்லாஹ்ட நாட்டம் என்றார்கள். நானும் அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னேன். ஆனால் தொழுகையில் அத்தஹிய்யாத்து ஓதி விரலை நீட்டும்போதெல்லாம் பூவரச மரமும், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதரும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுவார்கள். ஸலாம் கொடுத்துத் திரும்பினால் என் ஸஃப் வரிசையில் பக்கத்திலேயே அவர் இருப்பார் என்று தோன்றும். பல நாட்கள் தலையைத் திருப்பாமலே வாயால் மட்டும் ஸலாம் சொல்லி எழும்பியிருக்கிறேன்.

சபைக் கந்தோரில் அந்தக் கோப்பு என் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலுமாரியில் இருந்தது. ஒருநாள் எல்லாரும் ளுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரம், நான் எழுதிய தாளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கிழிக்கக் கை வரவில்லை. வீட்டு அலுமாரியில், சட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

நாட்டில் சண்டை முடிந்து, சந்தியில் நின்ற சோதனைச் சாவடியையும் எடுத்த பிறகு, வீதியோரமாகச் சபை ஒரு கடைத்தொகுதி கட்டியது. கடற்கரையில் கடை வைத்திருந்து சுனாமியில் இழந்தவர்களுக்கு முதலில் கொடுப்பதென்று தீர்மானம். தேத்தண்ணிக்காரரின் மனைவியும் விண்ணப்பத்தோடு வந்தார். அப்போது புதிய செயலாளர். கோப்பை இரண்டு தரம் புரட்டினார்.

"வீதியில இருந்த கடைக்குத்தான் இதுல ஆதாரம் இரிக்கி. கடற்கரையில கடை வெச்சதுக்கு ஒண்டுமில்லயே தங்கச்சி."

"அப்ப அவர் எங்க சேர் மௌத்தான?" என்று அந்தப் பெண் கேட்டார்.

செயலாளர் கோப்பை மூடினார். பக்கத்து மேசையில் நான் தலை குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன்.

மறுநாள் காலை தாளைக் கொண்டுபோய்ச் செயலாளரிடம் கொடுத்தேன். இது எப்படி உங்கள் கையில் என்று கேட்டார். நான்தான் எடுத்தேன் என்றேன். விளக்கம் எழுதி வாங்கினார்கள், எச்சரித்தார்கள், என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். அந்த மாதச் சபைக் கூட்டத்தில் தேத்தண்ணிக்காரரின் மனைவிக்கு ஒரு கடை ஒதுக்கினார்கள்.

கையெழுத்து வைக்க அவர் வந்த அன்று நான் கந்தோர் விறாந்தையில் காத்திருந்தேன். தாளை எடுத்து ஒளித்தது நான்தான் என்று சொன்னேன்.

"கந்தோர்ல ஒரு சேர் நல்ல இடம் காட்டித் தந்தார் எண்டு அவர் அடிக்கடி சொல்லுவார்" என்றார் அந்தப் பெண். "அது நீங்களா?"

"ஓம்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கடலுக்குப் பயம் எண்டு உங்களுக்கிட்டச் சொன்னவரா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று கடற்கரையில் அதைக் கேட்க வேறு யாரும் இருக்கவில்லை.

"சொன்னவர் தங்கச்சி. நான் சிரிச்சிட்டன்."

முக்காட்டை இழுத்துச் சரி செய்தார். "எனக்கிட்ட ஒருநாளும் சொல்லல்ல. சொல்லியிருந்தா நான் புள்ளய விட்டிருக்க மாட்டன்."

அவ்வளவுதான். கையெழுத்து வைக்க உள்ளே போய்விட்டார்.

கடை இன்றும் நடக்கிறது. வடை நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் போனதில்லை. அவர் என்னைப் பொறுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. வீதியில் எதிர்ப்பட்டால் அவர்தான் முதலில் ஸலாம் சொல்வார். நான் பதில் சொல்லிவிட்டு நடப்பேன்.