மூன்றாம் முறை சொன்னபோது

கல்கத்தாவில் எங்கள் ஆபீஸ் யூனியன் செயலாளரும் தமிழர்தான். சம உரிமை கேட்டு அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஒருவர் பேசிய பேச்சை மதிய இடைவேளைகளில் எங்களுக்கு விளக்குவார்.

"ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றார் பாருங்க தோழர். ஒரு தடவை சொன்னா எவனுக்கும் உறைக்காது!" என்று மேஜையைத் தட்டுவார், மூக்குக்கண்ணாடி நழுவும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானிபூரில் அவர் வீட்டில் கமிட்டி கூடியது. எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. ஊரில் நான் சேரிக்காரன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு மட்டும், குடித்ததும் தூக்கியெறிகிற டீக்கடை மண்குவளை.

"எனக்கும் டம்ளர்லயே குடுங்க தோழர்" என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அழுத்திச் சொன்னேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. அடுத்த கூட்டத்துல நீங்களே பேசுங்க."

அந்த மண்குவளையைப் பற்றித்தான் பேசினேன். முதலில் கைதட்டியவர் அவர்தான், கண்கூடக் கலங்கியிருந்தது.