வசவுக்காக நிற்கும் லாரி

எண்ணூரில் கெங்கம்மா வாழ்க்கைப்பட்டு வந்த சந்தில் அவள் வாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. கடையில் எடை குறைந்தாலும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி தார்ப்பாய் போடாமல் போனாலும், பெண்கள் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவளும் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு கிளம்புவாள். திட்டி முடிக்கும்போது காரியமும் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அத்தோடு கோபம் போயிற்று.

போன கோடையில் தண்ணீர் லாரி ஓட்டும் அப்பாவு, சந்துக்குள் வராமல் முக்கிலேயே நிறுத்தினான். உள்ளே வந்தால் பொதுத் தொட்டியை நிரப்பிவிடலாம். முக்கில் நின்றால் ஆளாளுக்குக் குடம் சுமக்க வேண்டும். ரோட்டில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதால் ரிவர்ஸ் எடுக்க முடியாது என்றான்.

“இன்னாடா முடியாது? அவ்ளோ பெரிய கப்பலையே திருப்பி ஆர்பர்ல வுட்றானுங்கோ. உனுக்கு ஒரு லாரி திரும்பலியா? ஸ்டேரிங்க என்னாண்ட குட்த்துட்டு நீ வந்து கொடத்தத் தூக்குடா சோமாரி!”

அப்பாவு ரிவர்ஸ் எடுத்து லாரியைச் சந்துக்குள் விட்டான். மருமகள் உதயா அதைத் தன் போனில் படம் பிடித்து யூடியூபில் போட்டாள். ஊரே பார்த்தது.

கெங்கம்மாவிடம் இருந்தது பட்டன் போன். யாராவது கூப்பிட்டால் பேசலாம், அவ்வளவுதான். தன் பெயரில் சேனல் ஓடுவது மீன் வாங்கப் போன இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. “நீ லாரி அக்காதான? என்னிய ஒரு தபா திட்டுக்கா” என்று முன்பின் தெரியாத ஒருத்தி பல்லைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து உதயாவின் போனில் பார்த்தபோது, மூக்கு விடைக்கக் கத்தும் அந்தப் பொம்பளையை அவளுக்கே பிடிக்கவில்லை.

“சீ, எட்த்துப் போடும்மே இத்த.”

“எடுத்துட்டா எப்டி அத்த? இதுல வர்ற துட்டுலதான ஒங்க புள்ளைக்கு மாத்திர வாங்கிகினு கீறோம்.”

மகன் செங்குட்டுவன் கன்டெய்னர் யார்டில் கால் நசுங்கிப் படுத்திருந்தான். ஒப்பந்த ஆள்தானே என்று அங்கே கை விரித்துவிட்டார்கள். கெங்கம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

லாரி மட்டும் அதன் பிறகு உள்ளே வரவேயில்லை. வரும் நாளெல்லாம் முக்கில் நின்றது. அவள் திட்டினாள், அப்பாவு அசையாமல் சிரித்தான். குடத்தோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். பிறகு சுமந்தார்கள். பக்கத்து வீட்டு எல்சிக்கு ஆறு மாதம். அவளும் இடுப்பில் குடத்தோடு சந்து முழுக்க நடந்தாள்.

ஒருநாள் உதயா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே போனில் வந்திருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். அப்பாவுவின் குரல்.

“நாளைக்கும் முக்குலயே நிறுத்திக்கிறேம்மா. போன தபா அந்தம்மா சீக்கிரம் அடங்கிட்ச்சு. கொஞ்சம் லேட்டா வர்றேன், நல்லா ஏறட்டும்.”

அடுப்பருகே நின்ற கெங்கம்மா கரண்டியோடு திரும்பினாள்.

“அப்ப ரோட்ல ஜாமு இல்லியாம்மே?”

“உள்ள வந்துட்டா நீங்க இன்னாத்துக்குத் திட்டப் போறீங்க?”

“புள்ளத்தாச்சி கொடம் தூக்கினு போறாளேம்மே. என்னாலயா?”

உதயாவின் கத்தி நின்றது. “ஒங்க புள்ளையாண்ட போயி, மாத்திர இனிமே இல்லன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் இன்னியோட நிறுத்திக்கிறேன்.”

உள்ளே செங்குட்டுவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. கெங்கம்மா போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டிப் போய் வரிசையில் நின்றாள். அப்பாவு வால்வில் கை வைத்தபடி காத்திருந்தான். எதிரே உதயா போனோடு நின்றாள்.

“இன்னாக்கா, மூடு சரியில்லியா?”

கெங்கம்மா பதில் சொல்லவில்லை. அவன் வால்வைத் திறக்கவில்லை. வெயில் ஏறியது.

“எக்கா, ரெண்டு வார்த்த வுடேன். தொறந்துடுவான்” என்றாள் பின்னால் நின்ற ராமசெல்வி.

“நிக்க முடியலக்கா. திட்டிடுக்கா” என்றாள் எல்சி.

“பேமானி” என்றாள் கெங்கம்மா.

“இன்னாக்கா, ஜொரத்துல கீறவ மாதிரி திட்ற?” என்றான் அப்பாவு. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“டேய்! உன் லாரி ஏன் உள்ள வர்லன்னு இவுங்களாண்ட சொல்லட்டா? நீயும் என் மருமவளும் பேசி வெச்சிகினு நிறுத்துறீங்கோ! எனுக்கு வெறியேத்தி வுட்டுப் படம் புடிக்கிறீங்கோ! கேட்டுக்கோங்கடி, நீங்கோ கொடம் தூக்குறது இவன் சிரிக்கிறதுக்கு!”

சந்து குலுங்கச் சிரித்தது. “இன்னிக்கிப் புச்சா எட்த்து வுட்டுகினு கீது பார்றீ!” என்று ராமசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அய்யோ, மெய்யாலுமேடி!”

அதற்கும் சிரித்தார்கள். உதயா மட்டும் சிரிக்கவில்லை, போனையும் இறக்கவில்லை. அப்பாவு வால்வைத் திறந்தான். எல்சியின் குடத்தில் தண்ணீர் விழுந்தது.

தான் நிறுத்தினால் அவனும் மூடிவிடுவானோ என்று, கடைசிக் குடம் நிரம்பும்வரை கெங்கம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.