மகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

சேருடைய மேசைக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறேன். அதன் அடியில் இருக்கும் தாளை மட்டும் எடுத்ததில்லை. பழைய கலண்டர் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் அவர் எழுதியது. உச்சியில் நட்சத்திரக் குறி போட்ட ஒரு சொல். அதிலிருந்து கீழே இறங்கும் கோடுகளின் நுனியில் ஒவ்வொரு மொழி: சமஸ்கிருதத்தில் துஹித்ரு, பாரசீகத்தில் துக்தர், கிரேக்கத்தில் துகாதேர், ஆங்கிலத்தில் டோட்டர், சிங்களத்தில் துவ. எல்லாவற்றுக்கும் பொருள் மகள்தான்.

சேர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். கல்முனையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருக்கு ஓர் அறை இருந்தது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் போய் பதினொரு வருடம் அவரிடம் டைப் செய்தேன். நான் ஓயாமல் கதைப்பவள். அவரோ வாயைத் திறந்தால் காற்றுப் போய்விடும் என்று இருப்பவர். நான் வேலைக்குச் சேருமுன், சுனாமி வந்த காலையில் அவர் ஒரு அலுவலாக அம்பாறைக்குப் போயிருந்தார். சாய்ந்தமருதில் அவருடைய வீட்டில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. மனைவியின் ஜனாஸா கிடைத்தது, ஐந்து வயது மகளுடையது கிடைக்கவில்லை. படங்கள் இருந்த அலுமாரியும் வீட்டோடு போனது. இதெல்லாம் பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் உகணையிலிருந்து சிங்களப் பெண் ஒருவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மொழிபெயர்க்க வந்திருந்தார். அவருடைய சின்ன மகள் வாசலில் இறங்கி ஓட, “துவே” என்று கூப்பிட்டார். சேரின் பேனை நின்றது. அவர்கள் போனதும் தடித்த சொற்பிறப்பு அகராதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னேரம் வரை இந்தத் தாளை எழுதிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, எழுத்தே இல்லாத ஒரு சனம் மகளை இப்படித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று உச்சியில் இருந்த சொல்லைக் காட்டினார். அந்தச் சனம் பல திசைக்கும் பிரிந்தபோது சொல்லும் கூடவே போய், ஊருக்கு ஊர் உருமாறி விட்டதாம். லத்தீனுக்கு நேரே மட்டும் வெறும் கோடு. அவர்கள் அதைத் தொலைத்துவிட்டு வேறு சொல் எடுத்துக்கொண்டார்களாம். “தொலைச்சவன் புதுசா ஒண்டு எடுக்கத்தானே வேணும் சேர்” என்றேன் பகிடியாக. அவர் சிரிக்கவில்லை. என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தாளின் மூலையில், எந்தக் கோடும் தொடாமல், ‘மகள்’ என்று எழுதியிருந்தார். இதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். தமிழ் வேறு குடும்பம், அது தனியேதான் நிற்கும் என்றார்.

சுனாமியில் காணாமல் போனவர்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க எத்தனையோ பேருக்கு அவர் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். தன் மகளுக்கு மட்டும் எடுக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். மனம் வராமல் விட்டிருக்கிறார், நாமாவது செய்து கொடுப்போம் என்று என் மூளை வேலை செய்தது. அவர் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து விண்ணப்பத்தை டைப் செய்து மேசையில் வைத்தேன். பிள்ளையின் பெயர் தெரியாததால் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. திரும்பி வந்தவர் நின்றபடியே வாசித்தார். ஏசுவார் என்று பயந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, வெற்றிடத்தில் மகளின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பத்தை மடித்து, கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாளோடு வைத்தார்.

“இந்த நட்சத்திரம் எதுக்குப் போடுறண்டு தெரியுமா புள்ள? அந்தச் சொல்ல ஒருத்தரும் காதால கேட்டதில்ல. மிச்சமிருக்கிற சொல்லுகளப் பாத்து, அப்பிடி ஒண்டு இருந்திரிக்கு எண்டு சொல்றாங்க. என்ட புள்ளைக்கு இப்ப போட ஏலா. அவள் கதைச்சதக் கேட்ட நான் ஒருத்தன் இரிக்கன். நான் மௌத்தானாப் பிறகு நீ போடு.”

“ஓம் சேர்” என்றேன். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

போன நோன்புக்குச் சில நாள் முன்பு சேர் மௌத்தானார். அறை என்னிடம் வந்தது. இப்போது சனம் கைபேசியிலேயே மொழிபெயர்த்துக்கொள்கிறது. படிவம் டைப் செய்விக்க மட்டும் இரண்டொருவர் வருகிறார்கள். மற்ற நேரமெல்லாம் காற்றாடிச் சத்தம்தான். அவர் பேசாமல் இருந்த அறைக்கும் அவர் இல்லாத அறைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இன்று காலை கண்ணாடியைத் தூக்கி, மடித்திருந்த விண்ணப்பத்தை எடுத்து விரித்தேன். பென்சிலைத் தேவைக்கு மேல் சீவிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய சொல்லுக்குச் சாட்சி சொல்ல இத்தனை மொழிகள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு நான் மட்டும், நானோ அவளைக் கண்டதுகூட இல்லை. சொன்னபடி பெயருக்கு முன்னால் நட்சத்திரத்தைப் போட்டேன். சேர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒருநாளும் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலைப் பார்த்தேன், ஒருவருமில்லை. வெளியே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது போல, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டேன்.