மிளா யாருக்கு நேர்ந்தது?

பல வருடத் தயக்கத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன். என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தபோது, "அய்யனாருக்கு நேர்ந்த பொங்கலை வைக்காம விட்டியே, அதான்" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பியே அவள் இறந்துபோனாள்.

பிறகு அந்தப் பொங்கலை வைக்க ராஜபாளையம் மலையடிவாரத்துக்குப் போனேன். வழியில் ஒரு மிளா மான் செத்துக் கிடந்தது. கழுத்தில் பெரிய கட்டி. பக்கத்தில் நரைத்த மீசை வனக்காவலர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். செத்த மிருகத்தின் முன் எப்போதும் அப்படித்தான் நிற்பாராம்.

"அறுத்துப் பாத்த டாக்டரு கேன்சருங்காரு, அண்ணாச்சி."

"மிருகத்துக்குமா வரும்?"

"வராம? நோவு வந்தது ஓட முடியாம பிந்தும், செந்நாய் அடிச்சுத் தின்னுரும். அதான் நம்ம கண்ணுல படுறதில்ல."

"இது எந்தச் சாமிக்கு நேர்ந்துட்டு மறந்துச்சு?"

"மிளா பொங்கலா வைக்கும்? நல்லா கேட்டீரு!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயர்கூடத் தெரியாது.

அன்று அய்யனார் சன்னிதியில் அவளிடம்தான் மன்னிப்புக் கேட்டேன். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்களே, நான் அவளிடம் சொன்ன சொல்லை மட்டும் மென்மையாக்கிவிடாதீர்கள்.